போவாட்டென் சொல்லாமல் விட்டது

ராணித்தாய் அச்சியா பிராகோ அன்று சபையில் சொன்னது மூன்று வாக்கியம். போவாட்டென் ஊருக்குச் சொன்னது இரண்டு.

மழைக்காலம் தொடங்கிவிட்டது, ஆற்றங்கரைப் பாதையில் பார்த்து நடங்கள் என்ற இரண்டையும் அவன் நன்றாகவே சொன்னான். கோலை ஊன்றி, குரலை ஏற்றி இறக்கி, ஆற்றையும் வானத்தையும் இரண்டு சொல் புகழ்ந்து, கேட்கிறவர்கள் தலையாட்டும்படி சொன்னான். மூன்றாவதை விழுங்கிவிட்டான். மூன்றாவது இதுதான்: "தங்கத்துக்குத் தோண்டின குழிகளையெல்லாம் மூடியாச்சுன்னு தலைவர் தண்டோரா போட்டது பொய், நான் போய்ப் பார்த்தேன், எல்லாம் திறந்துதான் கிடக்கு."

டொமிக்ரோம் ஊரில் தலைவரும் ராணித்தாயும் ஊரோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. தாழ்ந்த குரலில் தங்கள் ஒச்சியாமேயிடம் சொல்வார்கள், அவன் எழுந்து நின்று ஊருக்குச் சொல்வான். முரடாக வருவதை இழைத்து, சுடச்சுட வருவதை ஆற்றிக் கொடுப்பதுதான் ஒச்சியாமேயின் வேலை. சபையில் ஒரு சொல் பிசகினால் பழி கோல் பிடித்தவனுக்குத்தான். பீடத்தில் இருப்பவர் பிசகாகப் பேசினார் என்ற பேச்சே கிடையாது. தலைவரைப் பொய்யர் என்று அத்தனை பேர் முன்னால் எந்த ஒச்சியாமேயும் சொன்னதில்லை. போவாட்டெனின் அப்பா சொல்லியிருக்க மாட்டார், தாத்தாவும் சொல்லியிருக்க மாட்டார். அவனுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நாக்கு தானாகவே அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போய்விட்டது.

பிறகுதான் ராணித்தாயின் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒச்சியாமே பேசி முடித்த பின் குறுக்கே பேசுவது கோலையே அவமதிப்பது. அவர் வாயைத் திறக்கவில்லை. சபை கலைந்தது.

பீடத்துக்கு வருமுன் அச்சியா பிராகோ அக்ராவில் நாவல் எழுதிக்கொண்டிருந்தவர். பட்டாளத்தார் ஆண்ட காலத்தில் ஒரு நாவலுக்காகச் சிறையில் இருந்தவர். அவருடைய அக்கா செத்தபோது, குடும்பத்தில் அடுத்த பெண் நீதான் என்று ஊர் போய்க் கூட்டிவந்து உட்காரவைத்தது. பழைய தலைவர் போனதும் அக்கா மகன் டார்த்தேயைப் புதுத் தலைவனாக முன்மொழிந்தவரும் அவர்தான். அந்த உரிமை ராணித்தாய்க்கு மட்டும்தான் உண்டு. ஊர் நடுவில் தலைவனைக் கண்டிக்கும் உரிமையும் அவர் ஒருவருக்குத்தான். முதலாவதை அவர் மனமாரச் செய்தார். டார்த்தே படித்தவன், சிரித்த முகம், ஊருக்கு நல்லது செய்வான் என்று நம்பினார். வந்த இரண்டாம் வருஷமே அசின் ஆற்றங்கரையை அவன் தங்கக்காரர்களுக்கு விட்டுவிட்டான். பொக்லைன்கள் வந்தன. ஆறு, பாலில் கோகோ கரைத்தது போல ஆனது.

சபை கூடிய அடுத்த வாரம் செவாவின் மகள் ஃபோசுவா காணாமல் போனாள்.

செவா பேருந்து நிறுத்தத்தில் வாழைக்காய் வறுத்து விற்கிறவள். மேட்டுத் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து வரும்படி மகளை அனுப்பியிருந்தாள். இரவெல்லாம் மழை கொட்டியிருந்தது. ஆற்றங்கரைக் குறுக்குப் பாதை முழுக்கத் தண்ணீர் நின்றது. பாதைத் தண்ணீரும் குழித் தண்ணீரும் ஒரே நிறம், ஒரே மட்டம். எது கணுக்கால் ஆழம், எது மூன்று ஆள் ஆழம் என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் தங்கக்காரர்களின் பொக்லைன்தான் குழிக்குள் கையை விட்டுத் துழாவியது. முதலில் மஞ்சள் வாளி வந்தது. அப்புறம் அவள் வந்தாள்.

துக்கம் விசாரிக்கப் போவாட்டென் போனான். சிவப்பும் கறுப்பும் உடுத்திய பெண்கள் முற்றம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். செவா அழவில்லை. வந்தவர்களிடமெல்லாம் ஒரே கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"குழியெல்லாம் மூடியாச்சுன்னு தண்டோரா போட்டாங்க இல்லியா? போட்டாங்க. ராணித்தாயும் பாத்து நடங்கன்னுதானே சொன்னாங்க? போகாதீங்கன்னு சொல்லலையே. நான்தான் அனுப்பினேன். சுத்து வழியா போறேம்மான்னா. இந்த மழைல சுத்து வழியா போனா எப்ப வருவே, குறுக்கே ஓடுடின்னேன். ஓடுடின்னு நான்தான் சொன்னேன் ஒச்சியாமே."

அவன் தலை குனிந்துகொண்டான். ஒச்சியாமேக்கு எந்த இடத்தில் என்ன ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தெரியும், அதுதான் அவன் பிழைப்பு. அன்று வெறுமே கைகொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

நேராக ராணித்தாயின் வீட்டுக்குப் போனான். அவர் மேஜையில் காகிதங்களை ஒதுக்கிவிட்டு, அடக்கத்துக்குக் கட்டப்போகும் கறுப்புத் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அந்த வேலைக்கு வீட்டில் ஆள் இருந்தது.

"உக்காரு," என்றார். "ராத்திரி தூங்கல போலிருக்கே?"

"ஆமா நானா," என்றான். பீடத்தில் இருப்பவர்களை ஊர் 'நானா' என்றுதான் அழைக்கும்.

"நானும்தான்."

போவாட்டென் உட்காரவில்லை. "நான் சொல்லியிருக்கணும். அந்த மூணாவது..."

"நீ அதை விட்டப்பவே எனக்குத் தெரியும். முகத்தைப் பாத்தேன், உனக்கு அதை விட்டோம்கிறதே தெரியல. அவ்வளவு பழக்கம்." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "எனக்கும் இருந்துச்சு அந்தப் பழக்கம். எழுதி முடிச்சுட்டு திருப்பிப் படிக்கறப்ப, ஒரு வரிகிட்ட வந்ததும் கை தானா அடிக்கப் போகும். நல்லால்ல, நீளமா இருக்கு, தேவையில்லன்னு என்னென்னமோ தோணும். ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. கை எந்த வரியை அடிக்கப் போகுதோ, அந்த வரிக்காகத்தான் அந்தப் புஸ்தகத்தையே எழுத உக்காந்திருப்பேன். பயந்த கைக்கு அது துல்லியமாத் தெரியும். அதுக்கப்புறம் என் பயத்தை நான் திட்டறதே இல்ல. எங்கே போகுதுன்னு பின்னாடியே போய்ப் பாப்பேன்."

"நீங்க தைரியசாலி நானா. ஜெயிலுக்குப் போனீங்க."

"தூக்கிட்டுப் போனாங்கடா. என் இஷ்டத்துலயா நடந்து போனேன்? வேன்ல ஏத்தறப்ப பாவாடையிலேயே ஒண்ணுக்குப் போயிட்டேன். அதை எந்தப் பேட்டியிலயாவது சொல்லியிருக்கேனா?" அவர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். "அன்னிக்கு சபையில நான் குறுக்கே பேசியிருக்கலாம். கோலுக்கு மரியாதைன்னு மனசுக்குச் சொல்லிக்கிட்டேன். மரியாதை இல்ல. டார்த்தே என் அக்கா மகன். நான் தேர்ந்தெடுத்தவன். அவனைப் பொய்யன்னு சொன்னா என் தேர்வு என்னாகும்? நீ விட்டது எனக்கு வசதியா இருந்துச்சு."

அடக்கம் முடிந்ததும் சபையைக் கூட்டப் போவதாகச் சொன்னார். டார்த்தேயைப் பீடத்திலிருந்து இறக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன், என்ன சொல்கிறேனோ அதை அப்படியே சொல்ல வேண்டும், பூவும் வேண்டாம் நாரும் வேண்டாம் என்றார். "முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. கோபிச்சுக்க மாட்டேன். வேற ஆள் தேடறேன்."

"தேடாதீங்க," என்றான் போவாட்டென். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

செய்தி பரவ அதிக நேரம் ஆகவில்லை. சபைக்கு முந்தின நாள் போவாட்டென் தன் கோகோ தோப்பில் காய் அறுத்துக்கொண்டிருந்தபோது யாமோவா வந்தான். யாமோவா தலைவரின் ஒச்சியாமே. சின்ன வயதிலிருந்தே இருவரும் ஒருவரை ஒருவர் கேலி செய்து வளர்ந்தவர்கள்.

"என்னடா, கிழவியோட வாயே, பல்லெல்லாம் பத்திரமா இருக்கா?"

"உன் தலைவனோட வாய் நாறுது, தள்ளி நில்லு."

யாமோவா சிரித்தான். கீழே விழுந்த காய் ஒன்றை உடைத்து, வெள்ளைச் சதையைச் சப்பிக் கொட்டையைத் துப்பினான். பிறகு மரங்களை நிதானமாகப் பார்த்தான்.

"நல்லா காய்ச்சிருக்கு. எத்தனை வருஷத்து மரம்? உங்கப்பா வெச்சதா?"

"தாத்தா."

"நிலம் யாருது?"

போவாட்டென் அடுத்த காயை அறுத்தான். ஊரில் எல்லா நிலமும் பீடத்துக்குச் சொந்தம். உழைக்கிறவன் உழைக்கலாம், மரம் வைக்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுப் போகலாம், தலைவர் மனம் வைக்கும் வரை.

"ஆத்துக்கு இவ்வளவு கிட்ட," என்றான் யாமோவா. "அடியில என்ன இருக்கோ யார் கண்டா. போன வாரம் கூட அந்தத் தங்கம் தோண்டற சீனாக்காரன் இந்தப் பக்கம் கையைக் காட்டி கேட்டான். நானா வேண்டாம்ட்டாரு. போவாட்டென் நம்ம ஆளுடான்னாரு."

"சொல்லிட்டியா? கிளம்பு."

"டேய், கேளுடா. கிழவி புஸ்தகம் எழுதறவ. நாளைக்கே வெள்ளைக்காரன் ஊர்ல கூப்பிடுவான், மாலை போடுவான், அவ போயிடுவா. நீ எங்கேடா போவே? அந்தப் புள்ள செத்தது எனக்கும்தான் தாங்கல. என் பொண்ணும் அதே வகுப்புதான். ஆனா நாளைக்கு நீ பேசினா அவ எழுந்து வரப் போறாளா?" அவன் குரல் தணிந்தது. "வழக்கம் போல செய். அவங்க சொல்றதைக் கொஞ்சம் ஆத்திக் குடு. நம்ம வேலையே அதானே?"

வீட்டில் மனைவி டுஃபியே வேகவைத்த கிழங்கை ஃபுஃபுவாக இடித்துக்கொண்டிருந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் உலக்கையை நிறுத்தவே இல்லை.

"தோப்பு போனா மூணு பிள்ளைங்களுக்கு என்ன போடறது?"

"தெரியல."

"செவா தினமும் எம்மூஞ்சிக்கு எதிரேதான் வாழைக்காய் விக்கறா. அவகிட்ட நான் என்ன சொல்றது?"

"அதுவும் தெரியல."

"ஊருக்கெல்லாம் பேச்சாளரு. வீட்டுக்கு வந்தா தெரியல, தெரியல." உலக்கையை உரலில் சாத்திவிட்டு முகத்தைத் துடைத்தாள். "பேசாம இருந்துடுங்கன்னு சொல்லத்தான் எனக்கு ஆசை. நாளைக்கு அப்படிச் செஞ்சீங்கன்னா நான் திட்ட மாட்டேன். ஆனா பேசுங்கன்னு என் வாயால சொல்ல மாட்டேன். அந்தப் பாரத்தை என் தலையில இறக்காதீங்க."

மறுநாள் அரண்மனை முற்றம் நிரம்பி, மதில் மேலும் ஆட்கள் இருந்தார்கள். டார்த்தே பெரிய குடையின் கீழ் உட்கார்ந்திருந்தான். அவனும் துக்கத்துணிதான் கட்டியிருந்தான். பக்கத்தில் யாமோவா கோலோடு. எதிரே ராணித்தாய், அவர் அருகில் போவாட்டென். நடுவில் பீடம் கொடுக்கவும் பிடுங்கவும் உரிமையுள்ள பெரியவர்கள், அவர்களுக்குத் தலைவராக ஜெபி. கூட்டத்தின் முன்வரிசையில் செவா இருந்தாள். அவளை யாரோ இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அச்சியா பிராகோ தாழ்ந்த குரலில் தொடங்கினார். போவாட்டென் எழுந்தான். கோலை ஊன்றினான்.

"ராணித்தாய் சொல்கிறார்: ஆற்றங்கரையைத் தங்கக்காரர்களுக்கு விட்டவர் தலைவர் நானா டார்த்தே."

முற்றத்தில் சலசலப்பு. யாமோவா அவனையே பார்த்தான், போதும், இங்கேயே திரும்பிவிடு என்பது போல. ராணித்தாய் அடுத்ததைச் சொன்னார். போவாட்டென் அதைக் கேட்டான். நாக்கு தானாக அதன் மேலே தாவிக் குதிக்கப் பார்த்ததை இந்தத் தடவை அவன் உணர்ந்தான். எங்கே குதிக்கிறது என்று பார்த்து, அதே இடத்தில் நின்றான்.

"ராணித்தாய் சொல்கிறார்: குழிகளை மூடிவிட்டதாகத் தலைவர் தண்டோரா போட்டது பொய். அந்தப் பொய்யை நம்பிச் செவாவின் மகள் செத்துப் போனாள். பொய் சொன்னவர் பீடத்தில் உட்காரக் கூடாது. அவர் செருப்பைக் கழற்றுங்கள்."

தலைவரின் வெறுங்கால் தரையில் பட்டால் பீடம் போய்விடும். அந்தச் சொல்லை உயிரோடிருக்கும் யாரும் அந்த முற்றத்தில் கேட்டதில்லை. டார்த்தே காலை உள்ளே இழுத்துக்கொண்டான். "சித்தி," என்றான், வழக்கத்தை மறந்து, நேராக, சின்னப் பையன் மாதிரி. "சித்தி, என்ன பேசறீங்க?"

அவர் அவனைப் பார்க்கவில்லை. போவாட்டெனிடம் மெதுவாக இன்னும் சொன்னார். அவன் திகைத்து அவர் பக்கம் குனிந்தான். "சொல்லு," என்றார் அவர்.

"ராணித்தாய் சொல்கிறார்: குழிகள் திறந்திருப்பது எனக்கு முன்னமே தெரியும். போன சபையில் அதைச் சொன்னேன், அது உங்களுக்கு வந்து சேரவில்லை. வந்து சேரவில்லை என்று தெரிந்தும் நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். தலைவரைத் தேர்ந்தெடுத்தவள் நான், வாயை மூடியிருந்தவளும் நான். தலைவர் செருப்பைக் கழற்றும்போது என் செருப்பையும் கழற்றுங்கள். தலைமையில் இருக்கிறவர்கள்தான் பழிக்கு முதலில் நிற்க வேண்டும்."

வந்து சேரவில்லை என்பதோடு அவர் நிறுத்தியிருந்தார். யார் நிறுத்தினார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. போவாட்டென் அங்கே உட்கார்ந்துவிட்டால் போதும், அவன் சொன்னது எல்லாம் அவர் சொன்னதுதான், அவன் வெறும் கோல். அதற்காகத்தான் அவர் அப்படி நிறுத்தினார் என்பது அவனுக்குப் புரிந்தது. அவன் உட்காரவில்லை.

"அது வந்து சேராததற்குக் காரணம் நான்," என்றான். "அவர் சொன்னார். நான் சொல்லாமல் விட்டேன்."

ஜெபி பெரியவர் எழுந்துவிட்டார். "ஒச்சியாமே! சொந்தப் பேச்சு பேச யார் உனக்கு அனுமதி கொடுத்தது? கோலைக் கீழ வை!"

அவன் வைத்தான்.

பெரியவர்கள் எழுந்து உள்ளே போனார்கள். வெயில் ஏறியது. யாரும் கலையவில்லை. டார்த்தே கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி இருந்தான். ராணித்தாய் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். போவாட்டென் கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான்.

திரும்பி வந்த பெரியவர்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஜெபி சொன்னார்: தலைவர் மேல் சொல்லப்பட்டது பெரிய குற்றச்சாட்டு, அதை அவசரப்பட்டுத் தீர்க்க முடியாது, கோகோ அறுவடை முடிந்ததும் விசாரிக்கலாம். ராணித்தாயோ தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டுவிட்டார். ஒப்புக்கொண்ட குற்றத்துக்கு விசாரணை எதற்கு?

இரண்டு பெண்கள் வந்து அச்சியா பிராகோவின் செருப்பைக் கழற்றினார்கள். அவரைத் தோளைப் பிடித்துப் பீடத்திலிருந்து எழுப்பி, மண்ணில் உட்காரவைத்தார்கள். உட்காரும்போது முழங்கால் மடங்காமல் அவர் ஒரு பக்கம் சாய்ந்தார். அவர்களில் ஒருத்தி அவர் காதருகே ஏதோ சொன்னாள். மன்னிப்புக் கேட்டிருப்பாள்.

டார்த்தே யாமோவாவைக் கூப்பிட்டுக் குடையின் கீழ் ஏதோ சொன்னான். யாமோவா முன்னே வந்து கோலை ஊன்றினான். அவன் குரல் எப்போதும் போல இனிமையாக இருந்தது.

"ஊராருக்கு நானா டார்த்தே சொல்கிறார்: நம் ராணித்தாய்க்கு வயதாகிவிட்டது. பல வருஷம் நமக்காக உழைத்துக் களைத்துப் போனார். இளைப்பாற விடுங்கள் என்று கேட்டார், சபை மனமில்லாமல் சம்மதித்தது. செவாவின் மகளுக்காக நாம் எல்லோரும் துக்கப்படுகிறோம். மழை செய்த கொடுமை..."

"பொய்," என்றான் போவாட்டென்.

கோல் இல்லாமல் இதுவரை அவன் சபையில் பேசியதில்லை. குரல் கீச்சென்று வந்தது, பாதி மூக்கில் போனது. யாமோவா நின்றுவிட்டான். ஜெபி முரசுக்காரர்கள் பக்கம் கையை ஆட்டினார், முரசு தொடங்கியது. இரண்டு ஆட்கள் போவாட்டெனை நோக்கி வந்தார்கள்.

முன்வரிசையில் செவா, பிடித்திருந்தவர்களின் கையை உதறிவிட்டு அவன் எதிரே வந்து நின்றாள்.

"என்ன சொன்னீங்க அப்போ? காரணம் நான்னு சொன்னீங்களே. எனக்குச் சரியாக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க."

"குழி மூடலன்னு ராணித்தாய் அன்னிக்கே சொன்னாங்கம்மா. மூடினேன்னு தலைவர் சொன்னது பொய்னும் சொன்னாங்க. நான்தான் உங்களுக்குச் சொல்லல."

"தெரிஞ்சிருந்தா நான் அவளை..." அவள் முடிக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் காலடியில் துப்பினாள்.

வந்த ஆட்கள் அவன் தோளைப் பிடித்து இழுத்தார்கள். முரசு இன்னும் உரத்தது. மதிலோரம் நின்றவர்களும் வாசலுக்கு வெளியே நின்றவர்களும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்டிருக்காது என்று போவாட்டெனுக்குத் தோன்றியது. அவர்கள் பக்கம் திரும்பி, மூச்சை இழுத்து, இன்னும் உரக்க, முதலிலிருந்து மறுபடி சொன்னான்.